உப்பு கரைந்த பிறகு வந்த சர்வேயர்

தீப்பிடித்த குடோனில் சாம்பலாவது மிஞ்சும். கப்பலில் நொறுங்கிய பெட்டிக்குள் நொறுங்கிய சாமான் கிடக்கும். உப்பு அம்பாரத்தின் மேல் வெள்ளம் ஏறிப் போனால் என்ன மிஞ்சும்? ஈரமான தட்டுமேடு மிஞ்சும், கிழிந்த தார்ப்பாய் மிஞ்சும். 'இந்தா, இந்த இடத்துலதான் சார் கிடந்துச்சு' என்று கை நீட்டிக் காட்ட ஒரு வெறுந்தரை மிஞ்சும்.

2023 டிசம்பர் 17-ம் தேதி பிடித்த மழை மறுநாள் காலை வரை விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அது அதிகம். தாமிரபரணி கரை மீறியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து நகருக்குள் தண்ணீர் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று, பயணிகள் சோறு தண்ணீர் இல்லாமல் தவித்த கதை நாடெங்கும் தெரியும். அளங்களில் கரைந்த உப்பின் கதை அவ்வளவு தூரம் போகவில்லை.

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கு உப்பு கொடுப்பது இந்தக் கரைதான். சுமார் 25,000 ஏக்கர் அளங்கள். தையிலும் மாசியிலும் பாத்தியைச் செப்பனிட்டு, கோடை முழுக்க வாரி, ஐப்பசி மழைக்கு முன்னால் அம்பாரம் போட்டு மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் உற்பத்தி கிடையாது, விலை ஏறும். அப்போது விற்றால்தான் நாலு காசு பார்க்க முடியும். ஆக, டிசம்பர் மாதம் வெட்டவெளியில் மூடிக் கிடப்பது ஓர் உப்பளக்காரரின் அந்த வருஷத்து லாபம். வெள்ளம் தேடி வந்து எடுத்தது அதைத்தான்.

காப்பீட்டு நிறுவனங்கள் சிறப்பு முகாம் போட்டன. மனுக்கள் குவிந்தன. அங்கேதான் இந்தக் கரையின் பழைய சிக்கல் புதிதாக முளைத்தது. இழப்பும் இழப்புக்கான அத்தாட்சியும் ஒரே தண்ணீரில் போய்விட்டன. வணிகக் காப்பீட்டு கிளெய்மில் இப்போது எத்தனையோ மாற்றங்கள் வந்திருக்கின்றன. சர்வேயருக்குக் கெடு விதித்திருக்கிறார்கள், வீடியோவிலேயே சர்வே நடக்கிறது, மழைமானியைப் பார்த்துப் பணம் தரும் பாலிசிகூட வந்துவிட்டது. தூத்துக்குடியில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றையும் அளக்க ஒரே கேள்வி போதும்: கரைந்து போனதை இது எப்படி எண்ணும்?

சுவரில் ஒரு கோடு

வெள்ளம் வடிந்த வாரத்தில் ஏரல் பக்கம் ஒரு பலசரக்கு மொத்தக் கடைக்குப் போயிருந்தேன். சர்வேயரும் அப்போதுதான் வந்திருந்தார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டிருந்தார். ஒரு கையில் டேப், மறு கையில் போன்.

“அண்ணாச்சி, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு?”

“அந்தா தெரியுதுல்லா சார், சுவத்துல கோடு. அதுதான்.”

வெள்ளையடித்த சுவரில் செம்மண் நிறத்தில், நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. சர்வேயர் டேப்பை விரித்தார். நாலே முக்கால் அடி. டேப்பும் கோடும் சேர்ந்து தெரிகிற மாதிரி நாலு படம் எடுத்தார்.

“அப்போ நாலே முக்காலுக்கு மேல அடுக்குனது நனைஞ்சிருக்காதுல்லா?”

“நனையல சார். ஆனா அடியில கிடந்த சீனி மூட்டை கரைஞ்சு போச்சு. காலு போனா உடம்பு நிக்குமா? மேல உள்ளதெல்லாம் சரிஞ்சு தண்ணிக்குள்ள விழுந்துட்டு.”

சர்வேயர் சிரிக்கவில்லை. அதையும் எழுதிக்கொண்டார். “மூட்டைக் கணக்கு?” என்றார். அண்ணாச்சி கல்லாவுக்கு அடியைக் காட்டினார். பேரேடு ஆப்பம் போல உப்பி, தாளோடு தாள் ஒட்டி, மசி நீலக் கறையாகப் படர்ந்து கிடந்தது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கிளெய்ம்கள் தடம் மாறுகின்றன. கடையின் கணக்கு நனைந்துவிட்டது, சரி. நனையாத கணக்கு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. கேஷ் கிரெடிட் கடனுக்காக மாதா மாதம் வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட் ஒன்று. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் மற்றொன்று. கடன் வரம்பு குறையாமல் இருக்க வங்கியிடம் சரக்கைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும், வரிக்காரரிடம் கொஞ்சம் குறைத்துச் சொல்வதும் நம்மூர் வியாபாரத்தில் யாரும் வாய்விட்டுப் பேசாத வழக்கம். சாதாரண நாளில் இந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. வெள்ளத்துக்கு மறுநாள் இரண்டும் சர்வேயரின் மேசையில் அருகருகே வந்து உட்காருகின்றன. அவர் எந்த எண்ணை எடுப்பார்? பெரும்பாலும் சிறியதைத்தான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. விற்காமல் கிடந்த பழைய சரக்கை வெள்ளக் கணக்கில் சேர்க்கிறவர்களையும் பார்த்துப் பார்த்து அவர் கண் பழகியிருக்கிறது. இப்போதெல்லாம் இ-வே பில்லை வைத்துச் சரக்கு எந்தத் தேதியில் வந்தது என்று நிமிடத்தில் பார்த்துவிடுகிறார்கள்.

பாலிசியைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். “பேங்குல இருக்கும்” என்றார். கடன் கொடுக்கும் வங்கியே பாலிசி எடுத்து, கணக்கிலிருந்து பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளும். குடோன் முகவரி சரியாக இருக்கிறதா, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் எடுத்த இரண்டாவது குடோன் அதில் சேர்ந்திருக்கிறதா, காப்புத் தொகை எவ்வளவு, எதுவும் கடைக்காரருக்குத் தெரியாது. கிளெய்ம் பணம் வந்தாலும் முதலில் கடன் கணக்குக்குத்தான் போகும் என்பதும் அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிகிறது.

இன்னொரு கத்திரிக்கோலும் இருக்கிறது. 'ஆவரேஜ்' என்பார்கள். கடையில் 40 லட்சத்துக்குச் சரக்கு, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 20 லட்சத்துக்கு மட்டும் பாலிசி என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் போனது 10 லட்சம். பாலிசிதான் 20 லட்சம் இருக்கிறதே, 10 லட்சமும் கிடைக்கும் என்று கடைக்காரர் நினைப்பார். கிடைப்பது 5 லட்சம். பாதிச் சரக்குக்குத்தான் காப்பு எடுத்தீர்கள், பாதி இழப்பை நீங்களே தாங்குங்கள் என்பது கணக்கு. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' (ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரையிலான சொத்துக்கு), 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' (5 முதல் 50 கோடி வரை) ஆகிய பாலிசிகள் இந்தக் கத்திரியைக் கொஞ்சம் மழுங்க வைத்தன. குறைத்து எடுத்த காப்பு 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஆவரேஜ் போடக் கூடாது. மேற்சொன்ன கடைக்காரர் 34 லட்சத்துக்கு எடுத்திருந்தால் வெட்டு விழாது. வெள்ளமும் புயலும் இந்தப் பாலிசிகளில் சேர்ந்தே வருகின்றன. முன்பெல்லாம் பிரீமியம் குறையட்டும் என்று வெள்ளத்தை நீக்கிவிட்டு வாங்கவும் வழி இருந்தது. வெயிற்காலத்தில் கையெழுத்துப் போடும்போது அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்திருக்கும்.

கெடிகாரம் கை மாறியது

கிளெய்ம் என்றாலே இழுத்தடிப்பு என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 2017-ம் ஆண்டு விதிப்படி சர்வேயரை நியமிக்க 72 மணி நேரம், அறிக்கைக்கு 30 நாள், முடிவெடுக்க இன்னொரு 30 நாள் என்று கணக்கு இருந்தது. நடப்பில் அது மாதக் கணக்கானது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை இந்தக் கெடிகாரத்தைத் திருகிவிட்டது. தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு. அதைவிடப் பெரிய வரி ஒன்றும் அதில் உண்டு. ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த கிளெய்மையும் நிராகரிக்கக் கூடாது. கேட்க வேண்டியதைப் பாலிசி கொடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடி வெள்ளம் இந்த விதி வருவதற்கு ஆறு மாதம் முந்திவிட்டது. அடுத்த வெள்ளத்துக்குத்தான் இது உதவும். அப்போதும், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான கடைகள் மூழ்கினால் உரிமம் பெற்ற சர்வேயர்களுக்கு எங்கே போவது? சட்டப்படி, வாகனம் அல்லாத சொத்தில் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். அதற்குக் கீழே உள்ளவற்றை போன் வீடியோவிலேயே பார்த்து முடிக்கிறார்கள். படம் எடுத்த இடமும் நேரமும் படத்திலேயே பதிவாகின்றன, தண்ணீர் நின்ற பரப்பைச் செயற்கைக்கோள் படம் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் இவை எல்லாம் வெள்ளத்துக்குப் பிந்தைய படங்கள். தட்டுமேடு காலியாக இருப்பதை டிரோன் அழகாகக் காட்டும். அங்கே 100 டன் இருந்ததா 400 டன் இருந்ததா என்று அதற்கு எப்படித் தெரியும்?

சர்வேயர் சொல்வது கடைசி வார்த்தை என்று பயப்படவும் வேண்டாம். அவரது அறிக்கை வேதவாக்கு அல்ல, தகுந்த காரணம் இருந்தால் அதை மீறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே பிரதீப் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. 'முழு நிறைவாகப் பெற்றுக்கொண்டேன்' என்று டிஸ்சார்ஜ் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று தலையில் கை வைப்பவர்களுக்கு 1999-ம் ஆண்டின் அஜ்மீர் சிங் காட்டன் வழக்கு இருக்கிறது. வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று காட்ட முடிந்தால், அந்தக் கையெழுத்தே கதவை அடைத்துவிடாது.

கம்பெனி நடத்துகிறவர் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்ற கேள்விக்கு விடை வர எத்தனை காலம் ஆனது தெரியுமா? 2002 குஜராத் கலவரத்தில் எரிந்த ஹர்சோலியா மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கு அது. 'வணிக நிறுவனம் நுகர்வோர் ஆகாது' என்று காப்பீட்டுத் தரப்பு வாதிட்டது. காப்பீடு எடுப்பது இழப்பை ஈடுகட்டத்தான், லாபம் பண்ண அல்ல, ஆகவே வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 ஏப்ரலில். நஷ்டம் எவ்வளவு என்ற விசாரணைக்குப் போகும் முன்பே, வாசற்படியில் மட்டும் 21 ஆண்டுகள்.

வாசல் திறந்த பிறகு உள்ளே போவது சுலபம். வழக்கை எந்த மட்டத்தில் போடுவது என்பதை இப்போது தீர்மானிப்பது கட்டிய பிரீமியம், கேட்கும் இழப்பீடு அல்ல. 50 லட்சம் ரூபாய் வரை கட்டியவருக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும் என்பதால், கோடி ரூபாய் கிளெய்மைக்கூடத் தூத்துக்குடியிலேயே போடலாம். குறுந்தொழில்களும் தனிநபர் நிறுவனங்களும் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணமும் இல்லை. 30 லட்சமாக இருந்த அவரது வரம்பு 2023 நவம்பரில் 50 லட்சமானது.

பால்டிமோரில் இடித்தால் பீச் ரோட்டில் நடுக்கம்

கரையில் இப்படி என்றால் துறைமுகத்தில் வேறு கதை. 1974-ல் பெருந்துறைமுகமான வ.உ.சி. துறைமுகத்திலிருந்து போகும் கன்டெய்னர்களில் பல, கொழும்பில் தாய்க்கப்பல் மாறித்தான் மேற்கே போகின்றன, அதே வழியில்தான் வருகின்றன. 2024 மார்ச் 26 அதிகாலை அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தை இடித்துச் சரித்த 'டாலி' கப்பல் போகவிருந்த ஊர் கொழும்பு. சுமார் 4,700 கன்டெய்னர்கள் அதில் இருந்தன. அடுத்த மாதமே கப்பல் முதலாளி 'ஜெனரல் ஆவரேஜ்' அறிவித்தார்.

இது சீனி மூட்டையை வெட்டிய ஆவரேஜ் அல்ல, வேறு ஆள். கப்பலைக் காப்பாற்ற ஆகும் செலவைக் கப்பலும் அதில் உள்ள எல்லாச் சரக்கும் தத்தம் மதிப்புக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்ற, ஆயிரமாயிரம் ஆண்டுப் பழைய கடல் நியாயம். உங்கள் பெட்டியில் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பங்கைக் கட்டுவதாக உறுதி கொடுத்தால்தான் பெட்டி கைக்கு வரும். மரைன் பாலிசி இருந்தால் உறுதிப் பத்திரத்தைக் காப்பீட்டு நிறுவனமே கொடுத்துவிடும். இல்லாதவர் ரொக்கம் கட்ட வேண்டும். 'ஒரு பெட்டிதானே, பாலிசி எதுக்கு' என்கிற ஆட்கள் இந்த ஒரு பெயரைக் கேட்டால் மட்டும் அடங்குகிறார்கள் என்றார் ஒரு கிளியரிங் ஏஜென்ட்.

ஏற்றுமதியாளர் விழும் இன்னொரு குழி எஃப்.ஓ.பி. விற்பனை. வாங்குகிறவர்தான் இன்சூரன்ஸ் எடுக்கிறார் என்று நிம்மதியாக இருப்பார். வாங்குகிறவரின் பொறுப்பு சரக்கு கப்பலில் ஏறிய பிறகுதான் தொடங்குகிறது. ஆலையிலிருந்து லாரி, கன்டெய்னர் யார்டு, அங்கே நாலு நாள் காத்திருப்பு, இவ்வளவும் விற்பவர் தலையில். அந்த நாலு நாளில் வெள்ளம் வந்தால் என்னாகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023 நவம்பரில் செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றப் போனபோதும் இதேபோல ஒரு வெளிச்சம் வந்தது. சாதாரண மரைன் பாலிசி தாமதத்தால் வரும் நஷ்டத்தைக் கொடுக்காது. கிறிஸ்துமஸ் துணி பொங்கலுக்குப் போய்ச் சேர்ந்தால் துணிக்குச் சேதமில்லை, ஆகவே கிளெய்மும் இல்லை.

இருபதில் ஒரு பங்கு

இந்தக் கரைக்குக் காப்புக் கட்டணம் புதிதல்ல. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிறவர் ஒருவர் இருப்பார். கடற்கட்டி என்று பெயர். அவர் இல்லாமல் குளியாளிகள் கடலில் இறங்க மாட்டார்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ, முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கும், மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒன்றும் போனதாக எழுதி வைத்திருக்கிறார். அதாவது 5 சதவீத பிரீமியம். மந்திரம் பலிக்காமல் சுறா கடித்தால் அந்தக் குடும்பத்துக்கு ஈடு கிடைத்ததா என்று அவர் எழுதவில்லை. கிளெய்ம் பகுதி அன்றைக்கும் சிறிய எழுத்தில்தான் இருந்திருக்கும் போல. தமிழகக் கரையில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்குக்குக் குளிக்கிறவர்கள் இன்றும் இறங்குகிறார்கள்.

கரையும் சரக்குக்குப் பொருத்தமான காப்பு எது என்று கேட்டால், அளவுகோல் காப்பீட்டைத்தான் சொல்வேன். 'பாராமெட்ரிக்' என்கிறார்கள். இதில் சர்வேயர் இல்லை, மூட்டைக் கணக்கு இல்லை. இன்ன மழைமானியில் இத்தனை சென்டிமீட்டருக்கு மேல் பதிவானால் இத்தனை ரூபாய் என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டை 2007 முதல் பார்த்துவரும் விவசாயிக்கு இது பழகிய சங்கதி. நாகாலாந்து அரசு பேரிடர்களுக்காக இப்படி ஒரு பாலிசி எடுத்திருக்கிறது. குஜராத்தின் சேவா அமைப்பு வெப்பத்துக்கு எடுத்திருக்கிறது. வெயில் குறித்த அளவைத் தாண்டினால் பெண் தொழிலாளர் கணக்கில் பணம் விழும். அந்தப் பெண்களில் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களும் உண்டு.

அப்படியானால் தூத்துக்குடி உப்பளத்துக்கு ஏன் இல்லை? உப்பு 'விளைகிறது' என்பது தமிழ். உப்பு 'தயாரிக்கப்படுகிறது' என்பது சட்டம். அளத்துக்காரர் பாத்தி கட்டுகிறார், நீர் பாய்ச்சுகிறார், வானத்தைப் பார்க்கிறார், மழை வந்தால் அழுகிறார். ஆனாலும் அவர் விவசாயி இல்லை, தொழிலதிபர். பயிர்க் காப்பீட்டு மானியம் அவருக்குக் கிடையாது. தொழிற்சாலைகளுக்கு எழுதிய பாலிசியில், திறந்த வெளியில் கிடக்கும் சரக்கைத் தனியாகச் சொல்லி எழுதி வாங்க வேண்டும். மண் வரப்பையும் பாத்தியையும் அப்படித்தான். தெப்பத்தில் மாதக்கணக்கில் பதம் ஏறிக்கொண்டிருந்த உப்புநீர் மழைநீரில் சப்பென்று ஆகிவிட்டால், அடுத்த வாரல் தள்ளிப்போகுமே, அதற்கு? தொழில் முடக்கத்துக்கென்று தனிப் பாலிசி வேண்டும். அதை எடுத்திருக்கும் சிறு உப்பளக்காரரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

அளவுகோல் முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தபோது, அடுத்த ஊரான திருச்செந்தூரில் 69. பாலிசியில் 75 என்று எழுதி, எந்த ஊர் மழைமானி என்பதில் கை தவறியிருந்தால் ஒருவருக்கு முழுப்பணம், பக்கத்து அளத்துக்காரருக்குப் பூஜ்யம். அளத்தை அழித்த தண்ணீர் அங்கே பெய்த மழையாக மட்டும் இருக்க வேண்டியதும் இல்லை. மேற்கே உடைந்த குளத்தின் தண்ணீராகவும் இருக்கலாம். மழைமானிக்குக் குளம் உடைந்தது தெரியாது. அளத்துக்குள்ளேயே சின்ன மழைமானிகளும், வாய்க்காலில் நீர்மட்டக் கருவிகளும் வைத்தால்தான் இந்தக் கணக்கு ஓரளவு ஒட்டும். அதற்கு யார் செலவு செய்வது என்பதில்தான் பேச்சு நிற்கும்.

அதுவரைக்கும் அவரவர் வழியை அவரவர் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். முத்தையாபுரம் பக்கம் ஓர் அளத்தில் கணக்குப்பிள்ளையைப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அன்றைய நாளிதழைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு அம்பாரத்தின் முன்னால் நிற்கிறார். முதலாளி போனில் படம் எடுக்கிறார். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஆள் உயரம் தெரிகிற மாதிரி ஒன்று. படங்கள் உடனே சென்னையில் இருக்கும் மகனின் வாட்ஸ்அப்புக்குப் போய்விடுகின்றன. தண்ணீர் அங்கே வராது.

“எனக்குக் கல்யாணத்துக்கே ரெண்டு போட்டோதான்யா எடுத்தாங்க” என்றார் கணக்குப்பிள்ளை, பேப்பரை மடித்து இடுப்பில் செருகியபடி. “இந்த உப்புக்கு மாசா மாசம் எடுக்காவ.”